கடைசிப் படகு யாருக்கு?

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலா பஸ்கள் புறப்படத் தொடங்கிவிடும். தோட்டத்து இளைஞர் கழகம், ஆலயப் பரிபாலன சபை, தனியார் வகுப்பு ஆசிரியர், கடைத்தெரு வர்த்தகர் என ஒவ்வொரு தரப்பும் ஒரு குழு சேர்க்கும். இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஏறுவார்கள். தம்புள்ளை, மிகிந்தலை, வவுனியா எல்லாம் உறக்கத்திலேயே கடந்துபோகும்; விடியும்போது நல்லூர். பின்னர் கீரிமலை, நிலாவரை, கசூரினா, கோட்டை, நயினாதீவு என ஓட்டமோ ஓட்டம். அண்மைக் காலமாக அந்த நிகழ்ச்சி நிரலில் இன்னொரு வரியும் சேர்ந்திருக்கிறது: “நெடுந்தீவு – மூன்று மணித்தியாலம்.”

2002ஆம் ஆண்டு ஏ-9 பாதை திறந்த காலத்திலிருந்து செய்திக்காக வடக்கே போய்வருபவன் என்பதால், குழு சேர்ப்பவர்களில் சிலர் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. அண்மையில் வந்த ஓர் இளைஞரின் கேள்வி எல்லாருடைய கேள்வியையும் உள்ளடக்கியிருந்தது. “அங்கே வாகனச் சத்தமே கேக்காதாமே ஐயா? ஒரு நாள் போய் நிம்மதியா இருந்துட்டு வரலாமா?”

போகலாம், கட்டாயம் போக வேண்டும். ஆனால் அந்த நிம்மதிக்கு ஒரு விலை இருக்கிறது என்பதையும், அதை வருடம் முழுவதும் கட்டுபவர்கள் நாமல்ல, அந்தத் தீவில் வாழ்பவர்கள் என்பதையும் மனத்தில் வைத்துப் பயணத்தைத் திட்டமிட வேண்டும் என்பதே என் கட்சி.

முதலில் பயண விபரம். மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றர். இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கி வந்தவர்களை அப்படியே படகில் ஏற்றுவது வதை. முதல் நாள் பகலில் வந்து யாழ் நகரில் தங்கிவிடுங்கள். மறுநாள் அதிகாலையில் பண்ணைத் தாம்போதியில் ஏறினால் இருபுறமும் ஆழமற்ற கடல். மீன்பிடிக்க நட்ட தடிகளும் அவற்றில் குந்தியிருக்கும் பறவைகளும் தெரியும். வேலணையைக் கடந்து, இன்னொரு தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்குள் நுழைந்து, அதன் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையை அடையலாம். யாழ் நகரிலிருந்து பஸ்ஸும் உண்டு. நம்முடைய வாகனம் எதுவாயினும் அந்த இறங்குதுறையோடு அதன் வேலை முடிந்தது.

அங்கிருந்து நயினாதீவுக்குக் கால் மணி நேரம்தான். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று சொல்லும் அமைப்பாளரை நம்பாதீர்கள். முடிக்கலாம்தான், ஆனால் நயினாதீவில் அம்மன் சந்நிதியில் நின்றபடி மணிக்கூட்டைப் பார்ப்பீர்கள், நெடுந்தீவில் ஓட்டோவுக்குள் இருந்தபடி மணிக்கூட்டைப் பார்ப்பீர்கள். ஒரு நாளுக்கு ஒரு தீவு. நயினாதீவு வழிபாட்டுக்குரிய இடம், நாகபூசணி அம்மனையும் நாகதீப விகாரையையும் கால்நடையாகவே தரிசிக்கலாம். அமைதியாக ஒரு நாளைக் கழிப்பது நோக்கமானால் நெடுந்தீவைத் தேர்ந்தெடுங்கள்.

காலம் பார்ப்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழையும் சேரும். வைகாசிக்குப் பின் சோளகம் எழுந்தால் கடல் கொந்தளிக்கும், படகு ஏறி இறங்கும், மலையில் வளர்ந்த நம்மவர் பாடு பெரும்பாடு. மாசி, பங்குனி மாதங்களே தோதானவை. ஆனால் கச்சதீவு அந்தோனியார் திருவிழா அப்போதுதான் வரும். கச்சதீவும் நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவுக்கு உட்பட்டதே. அந்த நாட்களில் குறிகட்டுவானில் யாத்திரிகர் கூட்டம் அலைமோதும், அதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். படகு நேரத்தை யாருடைய பழைய குறிப்பையும் நம்பாமல் முதல் நாளே விசாரியுங்கள். பாதுகாப்பு அங்கியை வெட்கப்படாமல் அணியுங்கள்.

இனி ஆசனம். இங்கேதான் என் பேச்சு கொஞ்சம் காரமாகும்.

குறிகட்டுவானில் காலைப் படகுக்கு நிற்கும் வரிசையைக் கவனித்துப் பாருங்கள். கையில் சாப்பாட்டுப் பெட்டியோடும் பயிற்சிக் கொப்பிக் கட்டோடும் நிற்பவர் ஆசிரியர். குடையை மடித்துப் பிடித்திருப்பவர் அரச அலுவலர். வைத்தியசாலையில் கடமை புரிபவரும் அந்த வரிசையில் இருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் வேலைக்குப் போகும் இவர்கள் ஏறினால்தான் தீவில் மணி அடிக்கும், அலுவலகக் கதவு திறக்கும். பிற்பகலில் இவர்களே அங்கிருந்து திரும்ப வேண்டும். அரிசி மூட்டையும் மரக்கறிக் கூடையும் எரிவாயுச் சிலிண்டரும் அதே படகில்தான் போகின்றன. இந்த வரிசைக்கு முன்னால் நாற்பது பேர் கொண்ட நமது குழு, ஒலிபெருக்கியும் கொத்துரொட்டிப் பொதிகளுமாக வந்து ஏறிக்கொண்டால் என்ன நடக்கும்? ஓர் ஆசிரியர் பாடசாலைக்குப் போக முடியாது. அல்லது கடைசிப் படகில் இடமின்றி இரவைத் தீவிலேயே கழிக்க நேரும். நமக்கு அது விடுமுறைக் கதை, அவருக்குப் பிள்ளைகள் வீட்டில் காத்திருக்கும் இரவு.

ஆகவே பெரிய குழுவாகப் போகிறவர்கள் தனியார் படகொன்றை வாடகைக்கு அமர்த்திக்கொள்ள வேண்டும். செலவு கூடும் என்பார்கள். கூடட்டும், யாழ் நகரில் ஒரு வேளை விருந்தைக் குறைத்தால் சரிக்கட்டிவிடும். நான்கைந்து பேராகப் போகிறவர்கள் வரிசையில் கடைசியில் நில்லுங்கள், ஊரார் ஏறிய பின் ஏறுங்கள். இதைச் சொல்ல ஒரு பத்திரிகையாளன் வேண்டுமா என்று கேட்காதீர்கள். சொல்லாமல் நடப்பதை நான் அதிகம் கண்டதில்லை.

கடலில் ஓடும் அந்தப் படகுகளைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். குமுதினியும் வடதாரகையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் படகுகள். தண்ணீரில் ஓடும் படகுக்கும் வீதிக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் கேள்விப்பட்டபோது வியந்தேன். அந்த மக்களுக்கு இந்தக் கடல்தான் வீதி என்பதை எப்போதோ ஓர் அதிகாரி சரியாகவே விளங்கிக்கொண்டிருக்கிறார். அந்த வீதியில் 1985 மே 15ஆம் திகதி குமுதினியில் பயணம் செய்த பொதுமக்கள், குழந்தைகள் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கடற்படையினரே அதைச் செய்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சியம் சொன்னார்கள். அதற்குப் பின்னரும் அதே படகு திருத்தப்பட்டுப் பல்லாண்டுகள் ஓடியது. அதே மக்கள் அதில் ஏறினார்கள். வேறு எதில் ஏறுவது? ஒவ்வொரு மே மாதமும் அங்கே நினைவு கூருகிறார்கள். படகில் ஏறியதும் படம் பிடிக்கத் தொடங்கும் நம் பிள்ளைகளுக்கு இதை ஒரு நிமிடம் சொல்லிவைப்பது பிழையல்ல.

தீவில் இறங்கிய பின் என்ன செய்வது? ஏறக்குறைய ஐம்பது சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தட்டை நிலம். வாகனமே இல்லாத தீவு என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. ஓட்டோ உண்டு, பழைய பிக்கப் உண்டு, மோட்டார் சைக்கிள் உண்டு. ஆனால் அவை ஓய்ந்த கணத்தில் காற்றும் பனையோலையும் தவிர வேறொன்றும் கேட்காது. ஆரோக்கியமானவர்கள் சைக்கிளை வாடகைக்கு எடுங்கள். வயோதிபர் இருந்தால் ஓட்டோவே உத்தமம், அந்தப் பணம் ஊரிலேயே தங்கும். வெயில் கொளுத்தும், நிழல் குறைவு, நல்ல தண்ணீர் அருமை. குடிநீரை யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டுபோய், வெறும் போத்தல்களை யாழ்ப்பாணத்துக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். ஆனால் மதியச் சாப்பாட்டை மட்டும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் அங்கேயே மீன்குழம்புச் சோறு கிடைக்கும். கடலிலிருந்து நேரே சட்டிக்கு வந்த மீன்.

பார்ப்பதற்கு நிறையவே உண்டு. வேலிக்குப் பதிலாக முருகைக் கற்களை, சாந்து எதுவுமின்றி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் கட்டிய மதில்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை நீளும். நான் அதிக நேரம் நின்று பார்த்தது இந்த மதில்களைத்தான். கடல் தந்த கல்லைக் கொண்டு காணிக்கு எல்லை போட்ட கைகளின் பொறுமை அவற்றில் இருக்கிறது. சிதைந்த பழைய கோட்டை, புறாக்கூடு, மனிதர் உள்ளே நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்க மரம், தென்கோடியில் பழைய வெளிச்சக் கோபுரம். பிறகு குதிரைகள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவரப்பட்டு, வளர்த்தவர்கள் போன பின்னும் காட்டுக் குதிரைகளாக நிலைத்துவிட்டவை. அவற்றின் மேய்ச்சல் நிலம் 2015இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. கடும் வறட்சியில் நீரின்றிக் குதிரைகள் இறந்த செய்தியைச் செம்மைப்படுத்திப் பக்கத்தில் இட்டவன் நான். படத்துக்காக அவற்றை ஓட்டோவில் துரத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம். எல்லாம் அழிந்து, நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏனென்று யோசித்துப் பார்த்தேன், சுற்றுலாக்காரன் வாய்க்கு அது சுலபம் என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

இப்போது அந்த இளைஞர் சொன்ன ‘நிம்மதி’க்கு வருவோம்.

உலகில் வாகனத்தை விலக்கிவைத்த ஊர்கள் சில உண்டு. மும்பைக்கு அருகிலுள்ள மாதேரான் மலையில் மோட்டார் வாகனங்கள் ஊர் எல்லையிலேயே நின்றுவிட வேண்டும். அங்கே போய் வந்தவர்கள் அமைதியைப் புகழ்கிறார்கள். அந்த அமைதிக்குள் மனிதனை மனிதன் இழுக்கும் ரிக்‌ஷா ஓடிக்கொண்டிருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த வழக்கத்தை ஆறு மாதங்களுக்குள் நிறுத்துமாறு இந்திய உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில்தான் உத்தரவிட்டது. இஸ்தான்புல் நகரத்துக்கு எதிரேயுள்ள பெரிய தீவான பியூக்காடாவில் குதிரை வண்டிகள்தான் அழகு என்றார்கள். குதிரைகளுக்கு நோய் கண்டு, வதை பற்றிய முறைப்பாடுகளும் பெருகி, 2020இல் அவை நிறுத்தப்பட்டு மின்சார வண்டிகள் வந்தன. வாகனமின்மையின் பாரத்தை எப்போதும் ஏதோ ஒரு முதுகு சுமந்துகொண்டுதான் இருக்கிறது.

அங்கெல்லாம் வாகனம் வேண்டாமென்று தீர்மானித்தார்கள். நெடுந்தீவில் யாரும் அப்படித் தீர்மானிக்கவில்லை. பிரசவ வலி கண்ட பெண்ணை நள்ளிரவில் கடல் கடத்திக் கொண்டுபோக வேண்டும். காற்று கடுமையானால் படகு ஓடாது. நாம் ‘அமைதி’ என்று பெயரிட்டதை அங்கே பிறந்தவர் வேறு பெயரால் அழைப்பார். அமைதி மட்டும் போதுமானதாக இருந்திருந்தால் அத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்குமா?

இதை மாத்தளைக்காரர்களாகிய நமக்கு விளக்கத் தேவையே இல்லை. நமது மாவட்டத்திலும் வாகனச் சத்தமற்ற இடங்கள் எத்தனையோ உண்டு. நக்கிள்ஸ் அடிவாரக் கிராமங்களில் இருக்கின்றன. பிரதான வீதியிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பிரிவுகளில் இருக்கின்றன. கொழும்பிலிருந்து றிவஸ்டனுக்கு வருகிறவர்கள் முகிலையும் குளிரையும் நிசப்தத்தையும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதே மலைகளின் லயங்களில் நோயாளியைக் கம்பளிக்குள் கட்டித் தோளில் சுமந்து இறக்குகிறவன் அந்த நிசப்தத்தைப் பற்றிக் கவிதை எழுதுவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மண் சரிந்து, பாதை அறுந்து, எங்கள் மாவட்டத்தின் கிராமங்கள் பல தீவுகளாகிப் போயின. அப்போது வாகனச் சத்தம் கேட்காதா என்று காதைத் தீட்டிக் காத்திருந்தவர்கள் நாம். அந்த நாட்களை மறந்துவிட்டுப் படகேறினால் நெடுந்தீவில் நமக்கு எதுவும் விளங்காது.

மேலும், வடக்குப் பாதை நமக்குப் புதியதல்ல. நம் மூதாதையர் தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் மடிந்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணமும் நடந்தது. கடல் கடப்பது உல்லாசமல்ல என்பதை அறிந்த வம்சம் இது.

அப்படியானால் பாலம் கட்டிவிட வேண்டியதுதானே என்று சிலர் கேட்பார்கள். அவ்வளவு இலகுவாக விடை சொல்ல நான் தயாரில்லை. குறிகட்டுவானுக்குப் போகும் வழியில் புங்குடுதீவைப் பாருங்கள். தாம்போதி இருக்கிறது, தார் வீதி இருக்கிறது, பஸ் ஓடுகிறது. அப்படியிருந்தும் கூரை இடிந்த பெரிய வீடுகள் வழிநெடுக நிற்கின்றன. உரிமையாளர்கள் கனடாவிலும் பிரான்சிலும். போர் விரட்டியவர்களை வீதி திருப்பிக் கொண்டுவரவில்லை. நெடுந்தீவு மக்கள் கேட்பது அனேகமாகப் பாலமல்ல. நேரத்துக்கு ஓடும் நல்ல படகு, வைத்தியர் நிரந்தரமாக இருக்கும் வைத்தியசாலை, உப்பில்லாத தண்ணீர், தடையற்ற மின்சாரம். மின்சாரம் என்றதும் நினைவுக்கு வருகிறது: நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் வழங்கும் திட்டத்தை 2021 ஜனவரியில் சீன நிறுவனத்துக்குக் கொடுக்க அமைச்சரவை தீர்மானித்தது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சீனத் தரப்பு கைவிட்டது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் ஒப்பந்தமாயிற்று. இரண்டு பெரிய நாடுகள் இந்தச் சின்னஞ்சிறு தீவுகளைக் குறித்து இழுபறிப்பட்ட அந்தக் காலமெல்லாம் விளக்கெரிக்க டீசலும் படகில்தான் போனது.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. நம்மைப் போன்ற பயணிகள் பெருகப் பெருக, மக்களுக்கான படகுக்கு முன் உல்லாசப் படகு வந்துவிடும். வைத்தியசாலைக்கு முன் விடுதி வந்துவிடும். சீகிரியா நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க வரும் வெளிநாட்டவர் பணத்தில் அயல் கிராமத்துப் பிள்ளையின் பாடசாலைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை அந்தப் பக்கத்து ஆசிரியர் எவரையும் கேட்டுப் பாருங்கள். நெடுந்தீவு இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. வருமுன் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று சொல்லும் உரிமை அங்கே வாழும் சில ஆயிரம் பேருக்குரியது. அமைதி கெட்டுவிடும் என்று யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ மாத்தளையிலோ இருந்துகொண்டு நாம் அறிக்கை விடுவது அழகல்ல.

அந்த இளைஞரின் குழுவில் முப்பத்தாறு பேர். தனிப் படகுக்குச் சம்மதித்துவிட்டார்கள். நயினாதீவை மறுநாளுக்கு ஒத்திவைத்து, கசூரினாவை நீக்கிவிட்டார்கள். அதற்காகச் சிறுவர்கள் என்னை மன்னிக்கப் போவதில்லை. ஒலிபெருக்கி பஸ்ஸிலேயே இருக்கும். மதியச் சோற்றுக்குத் தீவிலேயே ஒரு வீட்டில் சொல்லியாயிற்று. நடக்க இயலாத மூன்று மூதாட்டிகளுக்கு ஓட்டோ. இனி முடிவு செய்ய வேண்டியது, திரும்பும்போது நமது தனிப் படகில் மிஞ்சும் ஆசனங்களைப் பற்றியது. கரையில் நிற்கும் ஊரவரையோ ஆசிரியரையோ ஏற்றிக்கொள்ளப் படகோட்டி உடன்படுவாரா என்று முதல் நாளே கேட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.